திகதியை எழுத்தாக வாங்கும் மேக்ரோ வேண்டாம்

கொழும்பில் கணக்குப் பகுதியிலோ ஆட்கள் பிரிவிலோ இருந்துகொண்டு, கூட வேலை செய்பவர்களுக்காக எக்செல்லில் மேக்ரோவாக, அதாவது சிறு புரோகிராமாக, சொந்தமாக ஃபங்ஷன் எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். ஃபங்ஷனுக்குள் திகதியை எழுத்தாக வாங்காதீர்கள், எழுத்தாகத் திருப்பியும் கொடுக்காதீர்கள்.

எக்செல்லுக்குத் திகதி என்பது எண். 2024 ஏப்ரல் 3 என்றால் உள்ளே இருப்பது 45385. செல்லில் தெரியும் 03/04/2024 அந்த எண்ணுக்குப் போட்ட சட்டைதான். அந்தச் சட்டையை வாங்கி, எழுத்தைத் திகதியாக மாற்றும் சிடேட்டிடம் (CDate) கொடுத்தால், அது அந்தக் கணினியின் விண்டோஸ் செட்டிங்கைப் பார்த்துத்தான் வாசிக்கும். நாங்கள் முதலில் நாள், பிறகு மாதம் என்று எழுதுகிறோம். அமெரிக்க செட்டிங்கோடு வந்த லேப்டொப்பில் அதுவே மார்ச் 4 ஆகிவிடும். ஆனால் 13/04/2024 என்று கொடுத்தால், 13ஆம் மாதம் கிடையாது என்பதால் சத்தமில்லாமல் மாற்றி வாசித்து ஏப்ரல் 13 என்று சரியாகவே தரும். ஒரே நிரலில் (column) பாதி சரி, பாதி பிழை! புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவருடைய பின்திகதியிட்ட செக்குகளை இப்படி வரிசைப்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிழை என்று சொல்லி நின்றுவிட்டால்கூட நல்லது, அது நிற்பதில்லை. எழுத்தாகத்தான் வருகிறது, வேறு வழியில்லை என்றால் நாள், மாதம், வருடத்தை நீங்களே பிரித்து, அவற்றைச் சேர்த்துத் திகதியாக்கும் டேட்சீரியலிடம் (DateSerial) கொடுங்கள். வெறும் செல் வந்தால் அது 0, மேக்ரோவுக்கு 1899 டிசம்பர் 30, அதையும் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது, இரண்டு திகதிக்கு இடையில் எவ்வளவு காலம் என்று சொல்லும் டேட்டிஃப் (DateDiff). மேக்ரோவில் வருடக் கணக்குக் கேட்டால் அது எத்தனை ஜனவரி 1 கடந்தது என்று மட்டும்தான் எண்ணும். 2018 டிசம்பர் 20 சேர்ந்து 2023 ஜனவரி 10 விலகியவருக்கு 5 என்று சொல்லும். உண்மையில் முடிந்தது 4 வருடம். பணிக்கொடைக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் காசுக்கு, 5 வருடம் பூர்த்தியாக வேண்டும், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பதால், இந்த ஒரு எண் ஒருத்தருக்குக் காசு உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. சேர்ந்த நாளும் மாதமும் விலகிய வருடத்தில் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் கழிக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை.

அப்புறம் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுக்கும் ஃபங்ஷன். நம்ம ஊரில் எல்லா அலுவலகத்துக்கும் இது தேவை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கம். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாள் எண்ணில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், லீப் வருடமோ இல்லையோ. 1985இல் பிறந்தவருக்கு 061 என்று இருந்தால் அவர் பிறந்தது மார்ச் 1. அதை நேரடியாக டேட்சீரியலில் 1985, 1, 61 என்று போட்டால் மார்ச் 2 வரும். அதனால் முதலில் 2000 போல ஒரு லீப் வருடத்தில் போட்டு மாதத்தையும் நாளையும் எடுத்து, பிறகு உண்மையான வருடத்தோடு சேர்க்க வேண்டும்.

இந்த மாதிரி ஃபங்ஷன் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், லீப் இல்லாத வருடத்தில் மார்ச்சுக்குப் பிறகு பிறந்த இரண்டு மூன்று பேருடைய திகதியைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பாருங்கள். ஒரு நாள் தள்ளி நின்றால் கோளாறு இதுதான்.