பெய்ஜிங்கைக் காட்டி குல்மார்க்கை அளக்காதீர்கள்

காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கைப் பற்றி, "பனி பெய்யாவிட்டால் என்ன, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முழுக்க செயற்கைப் பனிதானே, குல்மார்க்கிலும் மெஷின் வைத்தால் முடிந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு இத்தனை லைக் வேறு. பாதி உண்மை. பெய்ஜிங்கில் கிட்டத்தட்ட எல்லாமே மெஷின் பனிதான், சரி. ஆனால் அங்கே குறைவாக இருந்தது பனிப்பொழிவு மட்டும்தான், குளிர் இல்லை.

பனி மெஷின் குளிரை உண்டாக்காது. தண்ணீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சும், உறைய வைப்பது வெளியில் இருக்கும் குளிர்தான். வெப்பநிலை சைபருக்குக் கீழே ஓரிரு டிகிரியாவது இருக்க வேண்டும், காற்றில் ஈரம் கூடினால் இன்னும் கீழே போக வேண்டும். அப்புறம் தண்ணீர். ஒரு ஹெக்டேர் சரிவில் 30 செ.மீ. பனி போட 10 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியே இல்லாமல் கிடந்ததே, அந்த மாதிரி வறண்ட குளிர்காலத்தில் ஓடைகளும்தான் வற்றும். அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீரைச் சரிவில் ஊற்றுவீர்களா?

ஆல்ப்ஸில் மெஷின் இல்லாத ஊரா? இத்தாலியில் பெரும்பாலான சரிவுகளில் இருக்கிறது. இருந்தும் பிரான்ஸில், ஜூரா மலையிலுள்ள மெத்தாபியே போன்ற தாழ்வான இடங்கள் பனிச்சறுக்கையே படிப்படியாகக் கைவிட்டு, கோடையிலும் ஆள் வரும்படி வேறு வழி தேடுகின்றன. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி இல்லாமல் தள்ளிப்போய், இயற்கையாகப் பெய்த பிறகுதான் மார்ச்சில் நடந்தன.