முப்பது நாளைக்கு மட்டும்

"முப்பது நாள் முடிஞ்சதும் மறுபடி குடிக்கத்தானே போறே, அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?"

ஒரு மாதத்துக்குக் காபியை நிறுத்தப்போகிறேன் என்றதும் நண்பர் கேட்டது இது. அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மறுபடி குடிக்கலாம் என்று தெரிந்ததால்தான் என்னால் விடவே முடிந்தது. 'இனி தொடவே மாட்டேன்' என்று இதற்கு முன் மூன்று தடவை சபதம் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டவில்லை. வாழ்நாள் என்றால் மனசு மிரள்கிறது. முப்பது நாளை எண்ணிவிடலாம்.

மனிதர்கள் நெடுங்காலமாகக் கெடு வைத்துத்தான் ஆசைகளை விட்டு வந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலம் 40 நாள். ரமலான் நோன்பு 29 அல்லது 30 நாள், அதுவும் விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை. பஹாய் சமயத்தில் 19 நாள். சமயம் சாராமலும் இது நடக்கிறது: பிரிட்டனில் அக்டோபரில் 28 நாள் புகையை நிறுத்தும் இயக்கம் 2012இல் வந்தது, ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமலிருக்கும் இயக்கம் 2013இல். இவ்வளவு பேர் செய்வதை வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

காபியில் இருக்கும் ஊக்கப்பொருளான கஃபீனை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் என்று படித்திருந்தேன். கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும், அது இல்லாதபோது அவை விரிவதால் வரும் வலியாம். படித்தது வேறு, பட்டது வேறு. இரண்டாம் நாள் மதியம் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐந்தாம் நாள்தான் விட்டது.

அதற்குப் பிறகுதான் விஷயமே பிடிபட்டது. தலைவலி போன பிறகும் நாலரை மணிக்குக் கை கோப்பையைத் தேடியது. யாரிடமாவது கடுமையாகப் பேசி போனை வைத்தால் தேடியது. வேலையில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டால் தேடியது. எனக்கு வேண்டியிருந்தது காபியே இல்லை, நாற்காலியை விட்டு எழ ஒரு சாக்கு. இத்தனை வருடம் குடித்தும் இது தெரியவில்லை, விட்ட பத்து நாளில் தெரிந்தது.

ஜனவரியில் மதுவை நிறுத்தியவர்களை ஆறு மாதம் கழித்து சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்தபோது, பலர் முன்பைவிடக் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாதத்தை முடிக்காமல் நடுவில் விட்டவர்களிடமும் ஓரளவு மாற்றம் இருந்தது. விட்டதற்கும் சேர்த்து அதிகமாகக் குடித்தவர்கள் மிகச் சிலரே. நடுவில் தடுக்கி விழுந்தவர்களை நாம் கேலி செய்யாமல் இருக்க இது ஒன்றே போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

31ஆம் நாள் காலை காபி குடித்தேன். வாசனையை முழுதாக உணர்ந்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை. இப்போது நாளுக்கு அந்த ஒன்றுதான். நாலரைக்கு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருகிறேன்.

கேள்வி கேட்ட நண்பர் போன மாதம் சிகரெட்டை 28 நாளைக்கு நிறுத்தினார். 11ஆம் நாள் இரவு ஒன்றைப் பற்றவைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார், குரலே சரியில்லை. "பத்து நாள் இருந்திருக்கியே, நாளைக்கு மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணு" என்றேன். எண்ணத் தொடங்கினார். இன்றைக்கு அவருக்கு ஆறாம் நாள்.