காலியான சாலையை நம்பாதீர்கள்

நகரத்து நெரிசலில் ஓட்டுவதுதான் கஷ்டம், ஊரைத் தாண்டிவிட்டால் நிம்மதி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. நெரிசலில் வண்டி உரசும், பம்பர் நசுங்கும், வாய்ச்சண்டை வரும். உயிர் போவது அந்த நிம்மதியான சாலையில்தான் அதிகம். ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பல நாடுகளில் கிராமப்புறச் சாலைகளின் சாவுக் கணக்கு நெஞ்சைப் பதற வைக்கிறது.

காரணம் புரியாத விஷயமில்லை. நடுவில் தடுப்பு கிடையாது. எதிரே வருகிற வண்டிக்கும் நமக்கும் இடையில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு, பல இடங்களில் அதுவும் இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. சாலையை ஒட்டியே மரம், மதகு, பள்ளம். நெரிசல் நம் வேகத்தைத் தானாகவே குறைத்து வைக்கும், காலியான சாலையில் அந்தக் கடிவாளம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிபட்டால் உதவி வந்து சேர நெடுநேரம் ஆகும்.

இரவு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். எதிரில் ஏதோ நிற்பதைக் கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரோடு, பிரேக்கை முழுசாக மிதித்து நிற்க இன்னும் 35 மீட்டர். ஆக ஏறக்குறைய 70 மீட்டர். டிம் லைட்டின் வெளிச்சம் எட்டுவதோ 40 முதல் 60 மீட்டர் வரை. அதாவது, நம் விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் நம்மால் நிற்கவே முடியாது. பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர் முன்னால் போனால், அதைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டிருக்கும்.

அதே இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 60இல் வந்த வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்த 45ஆவது மீட்டரில், 80இல் வந்த வண்டி பிரேக் பிடித்தபடியே இன்னும் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முள் காட்டுகிற வித்தியாசம் வெறும் 20தான். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் நம்புவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்தான்.

ஓவர்டேக் இதைவிட மோசம். முன்னால் ஒரு லாரி 60இல் போகிறது, நாம் 80இல் தாண்டுகிறோம். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து அதைவிட 55 மீட்டர் கூடுதலாகப் போயாக வேண்டும். அதற்குப் பத்து நொடி பிடிக்கும். அந்தப் பத்து நொடியில் நாம் 220 மீட்டர் போயிருப்போம். எதிரே 80இல் வருகிறவரும் 220 மீட்டர் வந்திருப்பார். ஆக 440 மீட்டருக்குக் குறையாமல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். வளைவும் மேடும் பள்ளமுமாகப் போகும் சாலையில் அவ்வளவு தூரம் எங்கே தெரிகிறது? தெரியாவிட்டால் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்துச் சக்கரம் அந்த மண்ணில் இறங்கிவிட்டால் பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்புவார்கள். சக்கரம் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து, சட்டென்று ஏறி, வண்டியை எதிர்ப்பக்கத்துக்கு வீசிவிடும், இல்லையென்றால் உருட்டிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஏற வேண்டும். ஆடு மாடோ மானோ குறுக்கே வந்தாலும் இதே புத்திதான். நேராகவே பிரேக் பிடியுங்கள். சட்டென்று ஒடித்தால் மரத்திலோ எதிர் வண்டியிலோ போய் முடியும். ஒன்று ஓடிவிட்டதே என்று உடனே கிளம்பவும் வேண்டாம், பின்னாலேயே இன்னொன்று வரும்.

தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய காரை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகள் தாங்காது.

'பக்கத்து ஊருக்குத்தானே' என்று சீட் பெல்ட்டைத் தொடாமல் உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 1959இல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் இந்த மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்தே விட்டது. பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால், மோதலில் அவர் உடம்பே முன்னால் இருப்பவரைக் கொல்லும் அளவுக்கு வந்து அறையும்.

இதையெல்லாம் சொல்வதால் பழி முழுவதும் ஓட்டுநர் மேல்தான் என்று நான் நினைக்கவில்லை. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை சாவாக இருக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு சுவீடன் 1997இல் 'விஷன் ஜீரோ' என்ற சாலைப் பாதுகாப்புக் கொள்கையை நாடாளுமன்றத்தில் ஏற்றது. அப்புறம் பல சாலைகளில் நடுவே இரும்புக் கயிற்றுத் தடுப்பு போட்டு, ஓவர்டேக் செய்வதற்கான கூடுதல் தடத்தை ஒரு பக்கம் கொஞ்ச தூரம், மறுபக்கம் கொஞ்ச தூரம் என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சாலைகளில் சாவு பெருமளவு குறைந்தது. ஓட்டுகிறவர்கள் அதே மனிதர்கள்தான், சாலைதான் மாறியது. நம் பிரதிநிதிகளிடம் அகலமான சாலை கேட்பதைப் போலவே நடுத்தடுப்பும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, விபத்து நடந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் இடத்தில், அதுவரை அங்கே இருப்பவர்களை நம்பித்தான் அந்த உயிர் கிடக்கிறது. முதலில் இன்னொரு வண்டி வந்து மோதாமல் பார்க்க வேண்டும். ஹசார்ட் லைட்டைப் போட்டு, இன்ஜினை அணைத்து, எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். கூட்டத்தைச் சாலையை விட்டு இறக்குங்கள். மின்கம்பம் சாய்ந்து கம்பி வண்டி மேல் கிடந்தால் யாரும் பத்து மீட்டருக்குள் போகக் கூடாது. தீப்பிடிக்காதவரை உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

சிக்னல் இல்லையென்று கையை விரிக்காமல் 112ஐ அழைத்துப் பாருங்கள். பல நாடுகளில் நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அவசர அழைப்பு போகும். எந்தச் சாலை, எந்தத் திசை, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.

கத்துகிறவர் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மயங்கி உட்கார்ந்திருப்பவரின் தலை மார்பில் தொங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். தலையை மெதுவாக நிமிர்த்தி, அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். உடம்பில் குத்தி நிற்கும் எதையும் பிடுங்கக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் கொடுக்காதீர்கள். தீ, வெள்ளம், மூச்சு நின்றுபோவது, இந்த மாதிரி நிலை தவிர காரிலிருந்து ஆளை இழுத்து வெளியே போடாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடும்.

யாருக்கும் பெரிய அடி இல்லையென்றால் வண்டிகளை நகர்த்தும் முன்பே புகைப்படம் எடுங்கள். நம்பர் பலகை, டயர் தடம், சாலையின் நிலை எல்லாம் அதில் வரட்டும். அங்கேயே பணம் பேசி முடித்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். காவல்துறைக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் போகட்டும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போனவருக்கு அன்று இரவோ மறுநாளோ தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், வயிற்று வலி என்று எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். தலைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியும் ரத்தம் வெளியே தெரியாது.

ஜெர்மனியில் முதலுதவிப் பயிற்சி முடித்த சான்று இல்லாமல் ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. எல்லா நாட்டிலும் இது கட்டாயமாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற தேர்வில், ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிகிறதா என்றும் பார்க்கலாமே. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து, வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.