ஈயச்சொம்பு என்ன பாவம் செய்தது?

போன வாரம் அம்மா ஈயச்சொம்பைத் தூக்கிப் பழைய சாமான் மூட்டையில் போட்டுவிட்டார். கேட்டால், "ஈயம் மூளையைக் கெடுக்குமாம், வாட்ஸ்அப்பில் வந்திருக்கு" என்றார். நாற்பது வருஷம் ரசம் வைத்த சொம்பு!

செய்தி பொய்யில்லை. சொல்தான் பிசகு. மூளையைக் கெடுப்பது காரீயம், ஆங்கிலத்தில் லெட் (lead). பேட்டரியில் இருப்பது, பழைய பெயின்டில் இருந்தது, 2000 வரை நம் பெட்ரோலிலும் கலந்திருந்தது. ரசச்சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின் (tin). அது வேறு தனிமம். 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான், புளித்தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றாதே என்று பாட்டிகள் கத்துவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குள் நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, துணியால் தேய்த்துப் பளபளவென்று பூசுவதும் இதே வெள்ளீயம்தான்.

ஈயம் என்ற சொல் 'சீசம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சிராவணம் ஆவணி ஆனதுபோல முன்னால் இருந்த சகரம் உதிர்ந்துவிட்டது. சீசம் என்றால் காரீயம். ஆக, பெயர் முதலில் அதற்குத்தான். வெள்ளையாக இருந்த இன்னொன்றையும் அதே வீட்டில் சேர்த்துக்கொண்டோம். ரோமானியர்களும் இப்படித்தான்: காரீயம் 'கறுப்பு பிளம்பம்', வெள்ளீயம் 'வெள்ளை பிளம்பம்'. ஆனால் நாம் அதோடு நிற்கவில்லை. அலுமினியம் வந்ததும் அதையும் 'ஈயப் பாத்திரம்' என்றோம். தெருவில் "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று வந்தவரிடம் நான் கொண்டுபோய்ப் போட்டதெல்லாம் நசுங்கிய அலுமினியத் தூக்குகள்தான்!

பேச்சில் எப்படியும் இருக்கட்டும். நஞ்சைப் பற்றி எழுதும் செய்தியில் வெறும் 'ஈயம்' என்று போடுவதுதான் எனக்கு எரிச்சல். முன்னோர் 'கார்', 'வெள்' என்று ஒட்டிவைத்ததை எழுதினால் கை வலிக்குமா?

சொம்பை மூட்டையிலிருந்து எடுத்து, வெள்ளைத் தாளில் ஓர் இழு இழுத்துக் காட்டினேன். காரீயமென்றால் பென்சில்போலச் சாம்பல் கோடு விழும். விழவில்லை. ஆனால் வெள்ளீயத்தில் கொஞ்சம் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு, அது இந்தத் தாளில் தெரியாது. ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

"அப்போ பார்த்துட்டு வா, அதுவரைக்கும் எவர்சில்வர்தான்" என்றார் அம்மா. சரி, நியாயம்தான். சொம்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது.