யாருக்கும் சொந்தமில்லாத ஊரின் பட்டா

என் தாய்மாமா வானூர் தாலுகாவில் மல்லாட்டை போட்டுப் பிழைத்தவர். புதுச்சேரியை ஒட்டி, பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில் நகரம் பற்றி நாளிதழில் எதைப் படித்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "யாருக்கும் சொந்தமில்லாத ஊர் என்கிறார்களே, அப்படியென்றால் பட்டா யார் பேரில் இருக்கிறது?" சிறுவயதில் இதை மாமாவின் குசும்பு என்று நினைத்தேன். 1988ஆம் ஆண்டு ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஆரோவில் என்றதும் இணையத்தில் இரண்டே கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. வெள்ளைக்காரர்கள் நம் மண்ணில் தனி ராஜ்யம் நடத்துகிறார்கள் என்பது ஒரு கட்சி. ஒரு சொர்க்கத்தை மத்திய அரசு புல்டோசர் வைத்து இடிக்கிறது என்பது மற்றொன்று. இரு தரப்பிலும் அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது என் சந்தேகம்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு இந்த நகரத்தைத் தொடங்கினார்கள். ஆரோவில் குறிப்பாக எவருக்கும் உரியதல்ல, மனித குலம் முழுமைக்கும் உரியது என்று, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னை எழுதிய சாசனம் தொடங்குகிறது. வாசகம் அழகானதுதான். ஆனால் மனித குலத்தின் பேரில் எந்தச் சார்பதிவாளரும் பத்திரம் பதிந்து தரமாட்டார். நிலமும் பணமும், அன்னை தொடங்கிய அமைப்பான ஸ்ரீ அரவிந்தோ சொசைட்டியின் கையில் இருந்தன. 1973 நவம்பரில் அன்னை மறைந்ததும், பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் செம்மண் வெடிப்புகளில் வரப்பு கட்டி, குழி வெட்டி, மரம் நட்டவர்களுக்கும் இடையே மூண்ட சண்டை காவல் நிலையம் வரைக்கும் போனது.

(ஆரோவிலை ஒட்டிய இரும்பை கோயில் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் இந்தப் பூமி பொட்டலானதாம். தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பசுமையாக்குவார்களாம். கதை முதலில் வந்ததா, தூர தேசத்தார் முதலில் வந்தார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பசுமையானது மட்டும் கண்கூடு.)

அந்தச் சண்டையில் டெல்லியின் கதவைத் தட்டியவர்களில் குடியிருப்பாளர்களும் உண்டு. இன்று பலர் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். சொசைட்டியின் கணக்கு வழக்கில் கடுமையான முறைகேடுகள் இருப்பதாக ஓர் அரசுக் குழு சொன்னது. இந்திரா காந்தி அரசு 1980இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. நாங்கள் ஒரு சமயப் பிரிவு, எங்கள் விவகாரத்தில் அரசு தலையிட முடியாது என்று சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1982இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அரவிந்தரின் போதனை மதமல்ல, தத்துவம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் அதைச் சமயப் பிரிவாகவே பார்த்தார், ஆனால் சட்டம் செல்லும் என்பதில் அவரும் உடன்பட்டார். எது மதம் என்ற வாதத்துக்காக சட்ட மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அன்றைக்கு ஆரோவில்வாசிகளுக்கு அது விடுதலைச் செய்தி. திருடனுக்குப் பயந்து காவலாளி வைத்தவர்கள், சாவிக்கொத்து யார் இடுப்பில் தொங்குகிறது என்று அப்போது கவனிக்கவில்லை.

1988 சட்டம் அந்தத் தற்காலிக ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. சொத்துகள் மத்திய அரசுக்கு வந்து, அங்கிருந்து ஆரோவில் அறக்கட்டளைக்குப் போயின. மாமாவின் பட்டா கேள்விக்குப் பதில் இதுதான். அறக்கட்டளைக்குள் மூன்று அமைப்புகள்: ஆட்சிக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு. ஆட்சிக் குழுவில் அதிகபட்சம் ஒன்பது பேர். ஏழு பேரை மத்திய அரசு நியமிக்கும். மீதி இருவர் மத்திய அரசின் பிரதிநிதிகள். ஆலோசனைக் குழுவின் ஐந்து பேரும் அரசு நியமனம்தான். குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் இடம் ஆட்சிக் குழுவில் ஒன்றுகூட இல்லை.

பேரவைக்கு அதிகாரமே இல்லையா? எழுத்தில் உண்டு. குடியிருப்போர் பதிவேட்டில் ஒருவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் பேரவையின் வேலை என்கிறது சட்டம். ஆனால் ஆட்சிக் குழு, மத்திய அரசின் முன் அனுமதியோடு வகுக்கும் விதிமுறைகளின்படிதான் அதைச் செய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர் செயலாளர். அவரை நியமிப்பதும் மத்திய அரசு. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் பேனா ஒரே சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இதைவிட வேடிக்கை மாஸ்டர் பிளான், அதாவது நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற முழுத் திட்டம். 17ஆம் பிரிவு, பேரவையைக் கலந்தாலோசித்து ஆட்சிக் குழு அதைத் தயாரிக்கும் என்கிறது. 19ஆம் பிரிவு, பேரவை அதை வகுக்கலாம் என்கிறது. ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்து, யார் சொல் கடைசிச் சொல் என்பதை மழுப்பிவிட்டுப் போன சட்டம் இது. நல்ல மனிதர்கள் இருந்தவரை மழுப்பல் வெளியே தெரியவில்லை. ஆட்சிக் குழுவின் முதல் தலைவர் கரண் சிங் காலத்திலிருந்தே விட்டுக்கொடுத்துப் போகும் பழக்கத்தில்தான் வண்டி ஓடியது.

2021இல் தமிழ்நாடு ஆளுநர் ஆர்.என். ரவி தலைமையில் புதிய ஆட்சிக் குழு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், நகரின் நடுவிலுள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரைச் சுற்றி வட்டமாக அமைய வேண்டிய கிரவுன் சாலைக்காக ஜேசிபி இயந்திரங்கள் காட்டுக்குள் நுழைந்தன. அத்தோடு பழக்கம் செத்தது, சட்டம் மட்டும் மிஞ்சியது. பிறகு நடந்தவை: தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் வேலையைக் கட்டுப்படுத்தியது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, நகர வளர்ச்சிக் குழு தொடர்பான இன்னொரு வழக்கில், பேரவையின் பங்கு ஆலோசனை சொல்வதுதான் என்றும் தெளிவாக்கியது. தீர்ப்பைக் குறை சொல்லி என்ன பயன்? சட்டத்தில் இருப்பதைத்தான் நீதிபதிகள் படித்தார்கள். 'கலந்தாலோசித்து' என்ற சொல்லுக்கு நம் அரசு அகராதியில், நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது என்று பொருள்.

அதற்காக நான் குடியிருப்பாளர்களின் வக்கீல் இல்லை. ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட நகரத்தில் அரை நூற்றாண்டு கடந்தும் சுமார் 3,300 பேர்தான் என்றால், பொதுப்பணம் தருகிற அரசு கேள்வி கேட்பதில் தவறில்லை. ஒருமித்த கருத்து வரும்வரை காத்திருப்போம் என்று ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டதும் உண்மைதான். ஆனால் கேள்வி கேட்பது வேறு, வாயை அடைப்பது வேறு. வெளிநாட்டிலிருந்து வந்தவரின் விசாவுக்கு அறக்கட்டளையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முப்பது ஆண்டுகள் இங்கே மரம் நட்டவர் ஒரு கூட்டத்தில் எழுந்து 'வேண்டாம்' என்று சொல்லும்போது அந்தக் கடிதமும் அவர் கண்முன் வந்து நிற்கும். அது மேற்பார்வை ஆகாது.

இந்த இரு தரப்புமே பேசாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. பொம்மையார்பாளையம், இரும்பை ஊராட்சிகள், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் மக்கள். முந்திரித் தோப்பையும் பனையையும் விற்றவர்கள் இவர்கள். இன்று ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போகிறவர்களும் இவர்கள். மூன்று அமைப்புகளில் ஒன்றில்கூட இந்த ஊர்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. ஆரோவில்காரர்கள் அரசுக்கு எதிராக ஜனநாயகம் பேசும்போது இதை ஒருமுறை யோசித்திருக்கலாம்.

நான் கேட்பது நாடாளுமன்றம் செய்யக்கூடிய சின்னத் திருத்தம். ஒன்பது இடங்களில் மூன்றைப் பேரவை தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குக் கொடுக்கட்டும். பெரும்பான்மை அப்போதும் அரசிடமே இருக்கும். மாஸ்டர் பிளானில் கடைசிச் சொல் யாருடையது என்பதை ஒரே பிரிவில் ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். விசாக் கடிதம் மறுத்தால் காரணத்தை எழுத்தில், இத்தனை நாளுக்குள் என்று தரட்டும்.

'வெளிநாட்டுக்காரர்களுக்கு வக்காலத்தா' என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. பேரவையில் இந்தியர்களும் பெருமளவு உண்டு. பக்கத்துக் கிராமங்களில் பிறந்த தமிழர்களும் உண்டு. என் மாமா மகனின் நண்பன் ஒருவன் சேமிப்பையெல்லாம் போட்டு அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறான். அந்த வீட்டை அவன் விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. சேரும்போதே தெரிந்து சம்மதித்தவன்தான், அதில் அவனுக்கு வருத்தமில்லை. வீட்டு வாசலில் சாலை வரும் என்றால் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்பார்களா என்பதுதான் அவன் எதிர்பார்ப்பு.