ஸ்கூல் ரேட்டிங் பாத்து வீடு வாங்குறவங்க கவனத்துக்கு

இங்க சியாட்டில் பக்கம் நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது வீடு பாக்குறேன்னு சொன்னா போதும், மொத கேள்வி ஸ்கூல் ரேட்டிங் (வெப்சைட்ல ஸ்கூலுக்குப் பத்துக்கு எத்தனைன்னு போடுற நம்பர்) எவ்ளோ, அதுக்கப்புறம்தான் விலையே. 9, 10னா ஆளாளுக்கு தம்ஸ்அப். 5னா "வேணாம் ப்ரோ, வேற ஏரியா பாருங்க". அந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த ரேட்டிங்ல பெரும்பங்கு ஸ்டேட் டெஸ்ட் மார்க். அந்த டெஸ்ட் ஃபெடரல் சட்டத்தால வந்தது. 1965ல அதிபர் ஜான்சன் காலத்துல ஏழைப் பசங்க படிக்கிற ஸ்கூலுக்கு டைட்டில் ஒன்னுனு பணம் கொடுக்க ஒரு சட்டம் போட்டாங்க. 2002 ஜனவரில ஜார்ஜ் புஷ் அதே சட்டத்த நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்னு புதுசாக்கி, பணம் வேணும்னா கணக்கு காட்டுன்னுட்டாரு. எதிர்க்கட்சி டெமாக்ரட் செனட்டர் டெட் கென்னடியும் இதுல கூட்டு, ஒரு கட்சி செஞ்ச வேலை இல்ல இது. 3ஆம் கிளாஸ்லேருந்து 8 வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங், மேத்ஸ் டெஸ்ட், ஹைஸ்கூல்ல ஒரு தடவ. ரிசல்ட்ட மொத்த ஆவரேஜா மட்டும் சொன்னா பத்தாது. ஏழைப் பசங்க, கருப்பினப் பசங்க, ஸ்பெஷல் எட் (மாற்றுத்திறன்) பசங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்குறவங்கன்னு தனித்தனியா போடணும். இந்த ஒரு விஷயத்துக்காக அந்தச் சட்டத்துக்கு நான் இன்னைக்கும் கும்பிடு போடுவேன். அதுக்கு முன்னாடி ஸ்கூல் ஆவரேஜ் நல்லா இருந்தா பின் பெஞ்ச்ல யார் படிக்கத் தெரியாம உக்காந்திருக்கான்னு நிறைய ஊர்ல வெளியவே தெரியாது.

ஆனா எண்ணிப் பாக்குறதோட நிறுத்தியிருக்கலாம், தண்டனையையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. இத்தன குரூப்ல ஏதாவது ஒன்னு ஒரு பாடத்துல டார்கெட்ட தொடலன்னா மொத்த ஸ்கூலும் ஃபெயில் கணக்கு. டைட்டில் ஒன் ஸ்கூலா இருந்து ரெண்டு வருஷம் இப்படி ஆச்சுன்னா பசங்கள வேற ஸ்கூலுக்கு மாத்திக்கலாம்னு பேரன்ட்ஸுக்கு லெட்டர் போகும், அடுத்த வருஷம் வெளிய ட்யூஷன், அதையும் தாண்டினா ஸ்டாஃப மாத்து, ஸ்கூல சார்ட்டருக்கு (அரசுப் பணத்துல தனி அமைப்பு நடத்துற ஸ்கூல்) கொடுன்னு போய்க்கிட்டே இருக்கும். இதுல இங்கிலீஷ் கத்துக்குறவங்க குரூப் இருக்கே, அது இன்னும் கூத்து, நல்லா கத்துக்கிட்டவன் அந்த குரூப்ப விட்டு வெளிய போயிடுவான், புதுசா வந்தவன் உள்ள வருவான், அப்புறம் ஏன் இந்த குரூப் மார்க் ஏறவே இல்லன்னு கேட்டா டீச்சர் என்ன பதில் சொல்லுவாங்க?

கடைசி டார்கெட் என்ன தெரியுமா, 2014க்குள்ள நூத்துக்கு நூறு சதவீதம் பசங்களும் தேறணும். எந்த ஊர்ல நடக்கும் இது? தேறுறதுக்கான அளவ ஸ்டேட்டே வெச்சுக்கலாம்ங்கறதால சில ஸ்டேட் அளவயே கீழ எறக்கிட்டாங்க. அட்லாண்டால டீச்சருங்களே விடைத்தாள அழிச்சுத் திருத்தினாங்க, 2011ல வந்த விசாரணை அறிக்கைல 44 ஸ்கூல், 178 பேர் சிக்கினாங்க. அவங்க செஞ்சது தப்புதான், ஆனா மார்க்க வெச்சே வேலையும் போனஸும்னு ஆக்கினா வேற என்ன நடக்கும்னு நெனச்சாங்களோ.

நம்ம வாஷிங்டன் ஸ்டேட் கதை இங்க புதுசா வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒபாமா காலத்துல சட்டத்த மாத்த முடியாம அந்த நூறு சதவீத டார்கெட்லேருந்து ஸ்டேட் ஸ்டேட்டா விலக்கு கொடுத்தாங்க, சில கண்டிஷனோட. டீச்சர மதிப்பிடும்போது ஸ்டேட் டெஸ்ட் மார்க்க கட்டாயம் சேக்கணும்னாங்க, இங்க சட்டசபை ஒத்துக்கல. 2014ல விலக்கு ரத்து, இப்படி இழந்த மொத ஸ்டேட் நாமதான். பழைய நூறு சதவீதக் கணக்கு திரும்பி வந்ததும் ஸ்டேட்ல பெரும்பாலான ஸ்கூல் ஒரே ராத்திரில "ஃபெயில்", நல்ல ஸ்கூல்னு எல்லாரும் சொல்றதும் சேர்த்துதான். முந்தின நாள் இருந்த அதே டீச்சர், அதே பசங்க. உங்க ஸ்கூல் தவறிடுச்சுன்னு லெட்டர் அனுப்பின சில டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டன்ட்டுங்களே, இந்த லேபிள நாங்க ஏத்துக்கலன்னு கூடவே எழுதி அனுப்பினாங்க.

2015 டிசம்பர்ல நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்டுக்குப் பதிலா எஸ்ஸான்னு (எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ் ஆக்ட்) புதுச் சட்டம். டெஸ்ட் அப்படியே இருக்கு, தண்டனைய ஸ்டேட் கைல விட்டாங்க, முக்கியமா டைட்டில் ஒன் ஸ்கூல்ல கடைசி 5 சதவீதத்த கண்டுபிடிச்சு உதவுன்னாங்க. டீச்சர இப்படித்தான் மதிப்பிடணும்னு வாஷிங்டன் டிசிலேருந்து உத்தரவு போடக் கூடாதுன்னும் எழுதிட்டாங்க. 2025ல ட்ரம்ப் எஜுகேஷன் டிபார்ட்மென்ட்ட மூடணும்னு ஆர்டர் போட்டாரு, அதனால டெஸ்ட் போயிடும்னு குரூப்ல ஒருத்தர் குஷியா ஃபார்வர்ட் பண்ணியிருந்தாரு. சட்டம் காங்கிரஸ் போட்டது அண்ணா, அவங்க மாத்துற வரைக்கும் டெஸ்ட் உண்டு.

என் ஆத்திரம் எல்லாம் இதுதான். ஏழைப் பசங்க எங்க தவிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க எடுத்த கணக்கு, அந்தப் பசங்க இருக்குற ஏரியாவ விட்டு ஒதுங்கிப் போறதுக்கு நமக்கு மேப்பா ஆயிடுச்சு. ரேட்டிங் நல்லா இருக்குற எடத்துல வீட்டு விலை ஏறும், ஏறினா காசுள்ளவன்தான் வருவான், அவன் புள்ளைக்கு கோச்சிங் கிளாஸும் உண்டு, மார்க் இன்னும் ஏறும். இதுல ஸ்கூல் என்ன சொல்லிக்கொடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? அது வேணும்னா ஸ்கூல் பத்தி ஸ்டேட் ஆன்லைன்ல போடுற ரிப்போர்ட் கார்ட்ல குரோத்னு ஒரு பக்கம் இருக்கு, போன வருஷம் இதே நெலமைல இருந்த பசங்களோட ஒப்பிட்டா நம்ம ஸ்கூல் பசங்க எவ்ளோ முன்னேறினாங்கன்னு காட்டும், 5 ரேட்டிங் ஸ்கூல்ல கூட அது சூப்பரா இருக்கலாம்.

அதே ரிப்போர்ட் கார்ட்ல ஏசியன்ங்கற கட்டத்தயும் பாருங்க, சாஃப்ட்வேர்ல வேலை பாக்குற நம்மாளுங்க புள்ளைங்களும் அகதியா வந்த கம்போடியக் குடும்பத்துப் புள்ளைங்களும் ஒரே ஆவரேஜ்ல. நம்ம மார்க்குல அவங்க கஷ்டம் மறைஞ்சே போகும். எத மறைக்கக் கூடாதுன்னு அந்தச் சட்டம் வந்துச்சோ அதேதான்.

அப்புறம் அட்மிஷன் ஃபார்ம்ல வீட்டு மொழி என்னன்னு கேட்டா இங்கிலீஷ்னு போட்டுடுங்க, இல்லன்னா புள்ளைய தனி கிளாஸ்ல உக்கார வெச்சுடுவாங்கன்னு ஒரு அட்வைஸ் சுத்துதே, அத நம்பாதீங்க. தமிழ்னு உண்மைய எழுதுங்க. ஒரு டெஸ்ட் வெப்பாங்க, இங்கிலீஷ் நல்லா வந்துச்சுன்னா அதோட விஷயம் முடிஞ்சுது, வரலன்னா உதவி கிடைக்கும். அந்த உதவி வேணாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா வருஷாந்திர இங்கிலீஷ் டெஸ்ட் மட்டும் பாஸ் ஆகுற வரைக்கும் எழுதித்தான் ஆகணும்.