பெரிய டிவி வாங்கப் போகிறீர்களா? கல்யாண வீடியோவை எடுத்துக்கொண்டு போங்கள்

போன மாதம் திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்கு 55 இன்ச் டிவி வாங்கினோம். மச்சான் ஒதுக்கியிருந்தது 35,000 ரூபாய். "மாப்ள, நீ வந்து பார்த்து இதுதான்னு சொல்லிட்டாப் போதும், நான் பணத்தைக் கட்டிடறேன்" என்று ஒரு வாரமாகப் போன் மேல் போன். போனேன். கடையில் அன்று பார்த்ததையும், அதற்கப்புறம் மூன்று நாள் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் வரும் பெரிய டிவிகளை மட்டம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதைப் போல் மூன்று மடங்கு கொடுத்தவர்கள் பார்த்த படத்தைவிட நல்ல படம் இன்று இந்தக் காசுக்குக் கிடைக்கிறது. வரியும் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 30,000 ரூபாய் என்றால் 38,400 கொடுத்த இடத்தில் இப்போது 35,400. ஆனால் நாம் அதை எடைபோடும் விதம் தவறு. மொத்த விலையை இன்ச்சால் வகுத்துப் பார்க்கிறோம். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை எண்ணுகிறோம். கடைச் சுவரில் எது பளிச்சென்று அடிக்கிறதோ அதைக் கைகாட்டுகிறோம். அந்தப் பளிச்சுதான் பெரிய ஏமாற்றம்.

கடையில் நாற்பது டிவியிலும் ஒரே வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பூ, தேன்சிட்டு, வெட்டி வைத்த மாதுளை. அந்த வீடியோ எந்த டிவியிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே எடுத்தது. தேன்சிட்டின் கழுத்து என்ன நிறம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அது இன்னும் நீலமாகத் தெரிந்தால் இன்னும் அழகு என்றுதான் தோன்றும். அதனால் நான் பென்டிரைவில் எங்கள் சித்தப்பா மகன் கல்யாண வீடியோவைக் கொண்டுபோயிருந்தேன். 4கே கேமராவில் எடுத்தது. விற்பனையாளர் தம்பி கொஞ்சம் தயங்கினாலும் போட்டுக் காட்டினார்.

அக்கா ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "டேய், இது என் புடவையே இல்லை. நான் கட்டினது அரக்கு. இதுல தக்காளிச் சிவப்பா இருக்கு."

இதுதான் விஷயம். அக்காவுக்கு டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் புடவையைத் தெரியும், சித்தப்பாவின் முகத்தைத் தெரியும், எங்கள் ஆட்களின் மாநிறம் எப்படி இருக்கும் என்று தெரியும். நிறம் சரியா என்று சொல்ல அந்தக் கண்ணைவிடப் பெரிய கருவி நமக்கு வேண்டாம்.

அடுத்து வேட்டியைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி அந்த டிவியில் ஒரு வெள்ளைத் தாள் போல இருந்தது. மடிப்பு என்று ஒன்றுமே இல்லை, கரை மட்டும் தனியாக மிதந்தது. பெண்ணின் பின்னல் ஒரே கருப்புக் கட்டி, இழை தெரியவில்லை, மல்லிகைச் சரத்தில் பூவும் பூவும் ஒட்டிப் போயிருந்தன. வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி வைத்தால் இப்படித்தான் ஆகும். பிரகாசமான இடத்தில் இருக்கும் நுணுக்கம் வெள்ளையில் கரைந்துவிடும், இருட்டான இடத்தில் இருப்பது கருப்பில் மூழ்கிவிடும். எட்ட நின்று பார்த்தால் அதுதான் 'பளிச்'. வேட்டியின் மடிப்பும் கூந்தலின் இழையும் ஒரே காட்சியில் சேர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் நல்ல டிவி, அல்லது நன்றாக அமைக்கப்பட்ட டிவி.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, ரிமோட்டை வாங்கி 'விவிட்' என்ற படநிலையை 'சினிமா'வுக்கு மாற்றினேன். நிறவெப்பத்தை 'கூல்' என்பதிலிருந்து 'வார்ம்' ஆக்கினேன். ஷார்ப்னஸை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கினேன். புடவை அரக்கானது. சித்தப்பா முகத்தில் இருந்த சாம்பல் பூச்சு போனது. விற்பனையாளரே "அண்ணே, இது அதே பீஸ்தானா?" என்று கேட்டார்.

மச்சானுக்கு மட்டும் திருப்தியில்லை. "மஞ்சளா இருக்கே மாப்ள." அப்படித்தான் தோன்றும். விவிடில் வெள்ளை என்று நாம் பார்ப்பது நீலம் கலந்த வெள்ளை. படம் எடுப்பவர்கள் நிறத்தைச் சரிபார்க்கும் திரையின் வெள்ளை 6,500 கெல்வின் அளவு. டிவியில் 'வார்ம்' என்பதுதான் அதற்குப் பக்கத்தில் வரும். இரண்டு நாள் பொறுத்தால் கண் பழகிவிடும், அதற்கப்புறம் விவிடுக்குப் போனால் ட்யூப்லைட்டை நேராகப் பார்ப்பது போல இருக்கும். கருப்பும் மாநிறமுமான நம் தோல் கூலில் உயிரில்லாமல் வெளிறிப் போகிறது. நம் முகங்களை நம் வீட்டிலேயே தப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். எத்தனை வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அந்த ஒரு பட்டனைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள்! விவிடில் போல, திரைக்குப் பின்னால் எரியும் பின்விளக்கு முழு அளவில் ஓடினால் சூடும் அதிகம், உள்ளே இருக்கும் எல்இடி பட்டைகளின் ஆயுளும் குறையும். அதைக் குறைத்து வைப்பது படத்துக்கு மட்டும் நல்லதல்ல.

சரி, அமைப்பைத் திருத்திய பிறகும் இரண்டு டிவிகளுக்கு நடுவே மிஞ்சுகிற வித்தியாசம் எதுவோ அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். எங்கள் முன்னால் இருந்த இரண்டுக்கும் விலை வித்தியாசம் 4,000 ரூபாய். படம் தெரிகிற கண்ணாடித் திரையைத்தான் பேனல் என்கிறார்கள், அதில் இரண்டு வகை. ஒன்று ஐபிஎஸ் வகைப் பேனல், இன்னொன்று விஏ. ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1,000-க்கு 1. விஏயில் அது 3,000, 4,000 என்று போகும், அதாவது கருப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். ஆனால் விஏயைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். எது எந்த வகை என்று கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. சுவரோரம் போய்ப் பக்கத்திலிருந்து பாருங்கள், தரையில் உட்கார்ந்தும் பாருங்கள். வெளுத்தால் விஏ. நான் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பார்த்தேன்.

இதில் இணைய விமர்சனங்களை அப்படியே நம்ப முடியாது. வெளிநாட்டுக்காரர் இருட்டறையில் நேர் எதிரே சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறார். நம் ஹாலில் ட்யூப்லைட் எரிகிறது, பிள்ளைகள் பாயில் படுத்திருக்கிறார்கள், அக்காவின் மாமியார் சமையலறை வாசலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்க்கிறார். விளக்கு எரியும்போது திரையில் விழும் வெளிச்சமே கருப்பைச் சாம்பலாக்கிவிடும், விஏயின் மேன்மை பாதி அங்கேயே போய்விடும். பகலெல்லாம் நாலாபக்கமும் ஆள் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால் நான் ஐபிஎஸ்ஸைத்தான் சொல்வேன், யார் என்ன எழுதினாலும். இங்கே நிலைமை வேறு. அக்காவும் மச்சானும் பெரிய டிவி வாங்குவதே ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கத்தான். அதனால் 4,000 கூடப் போட்டு விஏயை எடுத்தோம். அத்தையின் நாற்காலியை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டோம்.

4கே என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 4கேயில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியில் 21 லட்சம். நான்கு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 55 இன்ச் திரையின் அகலம் 122 சென்டிமீட்டர்தான். நல்ல கண் உள்ளவரும் ஏழு அடிக்கு அப்பால் போய்விட்டால் ஃபுல் எச்டியின் புள்ளிகளையே பிரித்துப் பார்க்க முடியாது. அக்கா வீட்டு ஹாலில் நாற்காலிக்கும் திரைக்கும் பத்தடி. இந்த அளவில் இப்போது எல்லாமே 4கேதான் என்பதால் தனியாகத் தேட வேண்டியதில்லை, ஆனால் அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. பத்தடியில் கண்ணுக்குத் தெரிவது கருப்பின் ஆழமும் நிறமும்தான்.

எச்டிஆர் ஸ்டிக்கரும் அப்படியே. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கூடுதல் வித்தியாசம் காட்டும்படி தயாரித்த படம்தான் எச்டிஆர். அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கிறார்கள், இந்த விலை டிவிகள் 250, 300 என்று நின்றுவிடும். உச்ச வெளிச்சத்தை இந்தக் கொள்ளளவுக்குள் அமுக்கும்போது மற்ற இடமெல்லாம் சேர்ந்து மங்கும். "புது டிவியில ஓடிடி படம் மட்டும் இருட்டா இருக்கு" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். கோளாறு இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். கடையில் எதைப் பார்த்தாலும், டிவி வாங்கியவர்களின் மனது உடைகிற இடம் வீடுதான்.

மாட்டிய அன்று சாயங்காலம் அத்தை சீரியல் போட்டார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, பழைய டிவியே தேவலை" என்றார். அவர் சொன்னது சரி. முகங்கள் குழம்பிப் போயிருந்தன, எழுத்துக்களைச் சுற்றி நிழல், எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தேன். கேபிள் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஏவி ஒயரில் மாட்டியிருந்தார்கள். 83 லட்சம் புள்ளி உள்ள திரைக்கு, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் ஒயர்! அதே பெட்டியின் பின்னால் எச்டிஎம்ஐ துளை சும்மாதான் இருந்தது. 200 ரூபாய்க்கு ஒயர் வாங்கி மாட்டினேன். பெட்டியில் படத்தின் அளவைச் சரிசெய்ததும் பெருத்த முகங்கள் இளைத்தன.

அப்புறமும் அது சாதாரணச் சேனல்தான். எஸ்டி ஒளிபரப்பு என்பது 720-க்கு 576 புள்ளி, ஏறக்குறைய நான்கு லட்சம். அதை இருபது மடங்கு இழுத்து விரிக்கிறது டிவி. 32 இன்ச்சில் மறைந்திருந்த குறை 55-இல் வெளிச்சத்துக்கு வரும். 43 இன்ச்சைவிட 55 இன்ச்சின் பரப்பு 60 சதவீதத்துக்கு மேல் பெரியது. வீட்டில் நாள் முழுக்க எஸ்டி கேபிள்தான், மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், 43 இன்ச் வாங்கி மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மச்சானிடம் சொல்லி, அத்தை பார்க்கும் இரண்டு சேனல்களை மட்டும் எச்டிக்கு மாற்றினோம். அத்தை அதற்கப்புறம் பழைய டிவியைப் பற்றிப் பேசவில்லை.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டோம். நம் படங்கள் பெரும்பாலும் அகலத்திரை விகிதத்தில் எடுப்பவை, அதனால் திரையின் மேலும் கீழும் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் கருப்புப் பட்டை விழும். படத்தைப் பார்க்காமல் முதலில் அந்தப் பட்டையைத்தான் பார்த்தேன். சுவரின் இருட்டோடு அது சேர்ந்துவிட்டால் கருப்பு நன்றாக இருக்கிறது. சாம்பலாகத் தனித்துத் தெரிந்தால் படத்தின் இருட்டுக் காட்சி முழுக்க அந்தச் சாம்பல்தான் இருக்கும். இங்கே முழுக்கச் சேரவில்லை, மூலையில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. ஆனால் இரண்டு நிமிடத்தில் மறந்துவிட்டேன். படத்தைச் சோப்புப் போட்டது போல் வழுக்க வைக்கும் அசைவு வசதியை மட்டும் மெனுவில் தேடி அணைத்தேன்.

மறுநாள் கிரிக்கெட். அங்கேதான் மாட்டியது. பந்து பவுண்டரிக்குப் போகும்போது கேமரா பச்சைப் புல்வெளி மேல் வேகமாக நகருமே, அப்போது திரையின் வலது பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான பட்டை அப்படியே நின்றது. புல் நகர்கிறது, பட்டை நகரவில்லை. அத்தைதான் முதலில் கேட்டார், "அந்த இடத்துல மட்டும் புல்லு காஞ்சிருக்கா தம்பி?"

பின்விளக்கு சீராகப் பரவாததும் பேனலின் குறையும் சேர்ந்து வருவது இது. ஒரே மாடலில் ஒரு பீஸில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கடையில் நாம் பார்ப்பது காட்சிக்கு வைத்தது, வீட்டுக்கு வருவது வேறு பெட்டி. எந்த விமர்சனமும் உங்கள் வீட்டுக்கு வரப்போகும் பீஸைப் பற்றிச் சொல்ல முடியாது. போனில் ஒரு முழுச் சாம்பல் நிறப் படம் செய்து திரையில் போட்டேன். பட்டை தெளிவாகத் தெரிந்தது. வீடியோ எடுத்தோம். கடைக்காரர் முதலில் "எல்லா டிவியிலும் அப்படித்தான் சார்" என்றார். மச்சான் விடவில்லை. மாற்றித் தருவதாகப் பில்லில் போட்டிருந்த கெடு முடிய இன்னும் நாள் இருந்தது, அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் பரணில் பத்திரமாக இருந்தன. ஆறாம் நாள் வேறு பீஸ் வந்தது.

அதற்குள் நான் ஊருக்கு வந்துவிட்டேன். மச்சானே சாம்பல் படத்தைப் போட்டு வீடியோ காலில் காட்டினார். இடது பக்கம் இரண்டு மெல்லிய கோடு இருக்கிறது. "கிரிக்கெட் போடுங்க மச்சான்" என்றேன். போட்டார். ஒரு ஓவர் முழுக்கப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அதையே வைத்துக்கொண்டார்கள்.